பெட்ரோல் வாசனை கோளாறு ஆன கதை

பெட்ரோல் பங்க்கில் வண்டி நிற்கும்போது மூக்கை இழுத்து இழுத்து ரசிக்கிற ஆட்கள் நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் உண்டு. (பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.) அதே வாசனை ஓடிக்கொண்டிருக்கும் காருக்குள் குப்பென்று அடித்தால் யாருக்கும் ரசிக்கத் தோன்றாது. "எங்கயோ லீக் ஆகுது, ஓரமா நிறுத்து" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் பாருங்கள், கார் என்று ஒன்று வந்து முதல் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வாசனையைக் கோளாறாக யாரும் நினைக்கவில்லை. காருக்குக் கார் வாசனை, அவ்வளவுதான். மாட்டுத் தொழுவத்தில் சாணி வாசனை வருவதற்கு யாராவது டாக்டரைக் கூப்பிடுவார்களா? அப்படித்தான். அது கோளாறாக மாறியதற்கு வருடம் உண்டு, ஊர் உண்டு, ஒரு பிடிவாதக்கார விஞ்ஞானி உண்டு, ஒரு கோர்ட் வழக்கும் உண்டு. காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கார் எஞ்சினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் எஞ்சினை விடக் கணக்குதான் அதிகம்.

முதலில் அந்தக் காலத்துக் கார்கள் ஏன் நாறின என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் சும்மா இருந்தாலே ஆவியாகிற சரக்கு. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் வராது. அதனால் டேங்க் மூடியிலேயே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். காற்று உள்ளே போகிற வழியாக ஆவி வெளியே வராதா என்ன? பகலில் வெயில் ஏறினால் டேங்க் மூச்சு விடும், ராத்திரி குளிர்ந்தால் மூச்சு இழுக்கும். வண்டி ஓடவே வேண்டாம். ஷெட்டில் நின்றபடியே தினமும் கொஞ்சம் பெட்ரோல் காற்றில் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது கார்பரேட்டர். இதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் ஒரு மிதவை. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் குழாயை மூடுமே ஒரு பந்து, அதே வேலைதான். இந்தக் கிண்ணமும் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகுதான் இங்கே கூத்து. எஞ்சின் ஓடும்போது விசிறியும் தண்ணீரும் சூட்டைக் கொண்டுபோகும். நிறுத்தியவுடன் அந்தச் சூடு முழுக்க மேலே ஏறிக் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். பழைய அம்பாசிடரைப் போர்ட்டிகோவில் நிறுத்திய பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் வரை வாசனை வந்தது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் ஆவி பிஸ்டன் ஓரமாக நழுவி, கீழே ஆயில் இருக்கிற அறைக்குள் இறங்கும். அதை வெளியேற்ற எஞ்சினிலிருந்து ஒரு குழாயை ரோட்டைப் பார்த்துக் கீழே விட்டிருந்தார்கள். சாக்கடைக் குழாயைத் தெருவில் விடுகிற மாதிரி. கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஒரு காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் சுமார் 60 சதவீதம் சைலன்சர் வழியாகவும், 20 சதவீதம் இந்த ரோட்டுக் குழாய் வழியாகவும், மீதி 20 சதவீதம் டேங்க், கார்பரேட்டர் வழியாக ஆவியாகவும் போனது என்பது பின்னால் போட்ட கணக்கு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு அழுக்கு, எஞ்சினுக்குள்ளேயே நுழையாமல் வெறும் வாசனையாகப் போயிருக்கிறது.

சரி, இதை யார் கவனித்தார்கள்? கார் கம்பெனிகள் அல்ல.

1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒருநாள் பழுப்பு நிறத்தில் புகைமூட்டம் இறங்கியது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அப்புறம் சந்தேகம் ஊருக்கு நடுவில் இருந்த ஒரு தொழிற்சாலை மேல் திரும்பியது. செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை அது. ஜனங்கள் சத்தம் போட, ஆலையைத் தற்காலிகமாக மூடினார்கள். புகைமூட்டம் போகவில்லை.

1947இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி காற்று மாசுக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உலோக ஆலைகள், வீட்டுப் பின்கட்டில் குப்பை எரிக்கும் அடுப்புகள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். (வீட்டுக் குப்பை அடுப்புகளை 1957இல் ஒரேயடியாகத் தடை செய்தார்கள். ஓட்டுப் போடுகிற ஜனங்களின் வீட்டுக்குள் போய்க் கை வைப்பது அரசியல்வாதிக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.) பிரச்சினை என்னவென்றால், லண்டன் மாதிரி ஊர்களில் புகை என்றால் நிலக்கரிப் புகை, கந்தகம். லாஸ் ஏஞ்சலஸில் நிலக்கரியே அதிகம் எரிக்கவில்லை. பிறகு கண்ணை எரிப்பது எது?

இங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார். ஆரி ஹாகன்-ஸ்மித். 1900இல் ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். 1937இல் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்கு வந்தவர். இவருடைய வேலை என்ன தெரியுமா? வாசனை! செடிகளின் ஹார்மோன்கள், வெங்காயம், ஒயின் என்று மணத்துக்கும் ருசிக்கும் பின்னால் இருக்கிற வேதிப்பொருள்களைப் பிரித்தெடுப்பது. அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனுஷனிடம், இந்த ஊர்க்காற்றையும் கொஞ்சம் பாருங்களேன் என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் அன்னாசிக்கு வைத்திருந்த அதே முறையில், வெளிக்காற்றை இழுத்துக் கடுங்குளிரில் உறைய வைத்துப் பிடித்தார். கொஞ்சூண்டு பழுப்புத் திரவம் கிடைத்தது. நாற்றமென்றால் நாற்றம். அதை ஆராய்ந்தபோது, பெட்ரோலியப் பொருள்கள் காற்றில் பாதி வெந்தும் வேகாததுமாக மாறியவை அதில் இருந்தன.

அவர் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் ஆவியும், எஞ்சின் சூட்டில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் கலந்திருக்கும்போது அதன் மேல் வெயில் பட்டால் ஓசோன் உண்டாகிறது. கூடவே கண்ணை எரிக்கும் வேறு சில சாமான்களும். லாஸ் ஏஞ்சலஸில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மூன்று பக்கமும் மலை. மேலே சூடான காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். ஊரே ஒரு பெரிய சோதனைக் குடுவை ஆகிவிட்டது.

அவர் இதை நிரூபித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கீரை போன்ற செடிகளை ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து, பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் செலுத்தினார். ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் இலைகள் எப்படிக் கருகினவோ அப்படியே இங்கேயும் கருகின. அடுத்து ரப்பர். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு ஓசோன் பட்டால் வெடித்துவிடும். ஊர் ரப்பர் சாமான்கள் சீக்கிரம் வெடிக்கின்றன என்ற புகார் ஏற்கெனவே இருந்தது. லட்சக்கணக்கில் செலவு வைக்கிற கருவி எதுவும் இல்லாமல், ரப்பர் எவ்வளவு நேரத்தில் வெடிக்கிறது என்பதை வைத்தே ஓசோனை அளந்தார். 1950இல் முடிவைச் சொன்னார். 1952இல் அவருடைய முக்கியமான கட்டுரை வந்தது.

எண்ணெய் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஹாகன்-ஸ்மித்தின் முடிவு தவறு என்று வாதாடினார்கள். அவர்களில் ஒருவர் கால்டெக்குக்கே வந்து மேடையேறி இவருடைய ஆராய்ச்சியை மட்டம் தட்டிப் பேசியதாகவும், அந்தக் கோபத்தில்தான் மனுஷன் அன்னாசியை ஓரமாக வைத்துவிட்டு முழுநேரமும் இதில் இறங்கினார் என்றும் சொல்வார்கள். அப்படிப் பேசியவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் ஒரு சிலை வைத்திருக்கலாம் :)

இனிமேல் கதை டெட்ராய்ட்டுக்குப் போகிறது, கார் கம்பெனிகளின் தலைநகரம். 1953இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் மேற்பார்வையாளர் கென்னத் ஹான், காரிலிருந்து வரும் ஆவிகளைப் பற்றி ஏதாவது ஆராய்ச்சி நடக்கிறதா என்று கார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஃபோர்டிலிருந்து வந்த பதிலின் சாரம்: அந்த ஆவிகள் காற்றில் சீக்கிரம் கரைந்துபோய்விடும், அதனால் மாசுப் பிரச்சினை எதுவும் இல்லை. ஹான் விடவில்லை. வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார்.

இங்கே கொஞ்சம் பாடப்புத்தகம். பொருளாதார வகுப்பில் 'புறவிளைவு' என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் செய்கிற காரியத்தின் செலவை, அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவன் சுமப்பது. பெட்ரோல் ஆவியில் ஒரு வேடிக்கை, அது கார் சொந்தக்காரனுக்கும் நஷ்டம். ஆவியாகிப் போவது அவன் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். சந்தைக் கணக்குப்படி அவனே "என் பெட்ரோல் வீணாகாத கார் கொடு" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் 30 சென்ட் அளவில்தான் விற்றது. அவனுக்குப் போனது சில்லறை. ஊரார் கண்ணிலும் நுரையீரலிலும் விழுந்ததற்கு யாரும் பில் போடவில்லை. வாங்குகிறவனும் கேட்கவில்லை, விற்கிறவனும் தானாகச் செய்யவில்லை. தேர்வில் உதாரணம் எழுத ஆலைப்புகையை விட இது நல்ல உதாரணம் என்பது என் கருத்து.

1955இல் கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. மாசுக் கட்டுப்பாடு சம்பந்தமாக யார் எதைக் கண்டுபிடித்தாலும் மற்றவர்களுக்கு ராயல்டி இல்லாமல் கொடுத்துவிடுவது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் காமர்ஸ் மூளையோடு யோசியுங்கள். கண்டுபிடிப்பதில் லாபமே இல்லை என்றால் யார் ஓடுவார்கள்? எல்லோரும் கைகோத்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம்.

அந்த ரோட்டுக் குழாயை எஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிடும் வால்வு, தீர்வுகளிலேயே சுலபமானது. கலிபோர்னியாவில் 1961 மாடல்களில் வந்தது. நாடு முழுக்க வர 1963 ஆனது. சைலன்சர் புகைக்கு வரும்போது இன்னும் சுவாரஸ்யம். 1967 மாடலுக்கு முன் முடியாது என்று கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்தன. 1964இல் கார் கம்பெனிகள் அல்லாத வெளியார் தயாரித்த நான்கு கருவிகளுக்குக் கலிபோர்னியா அரசு அனுமதி கொடுத்தது. அவ்வளவுதான், முடியாதது எல்லாம் திடீரென்று முடிந்தது. 1966 மாடலிலேயே நாங்களே செய்துவிடுகிறோம் என்று கம்பெனிகள் முன்வந்தன. போட்டி என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்.

1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்ட், கிரைஸ்லர், அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆகிய நான்கு கம்பெனிகள் மீதும் அவர்களுடைய சங்கத்தின் மீதும் வழக்குப் போட்டது. எந்தச் சட்டத்தில்? சுற்றுச்சூழல் சட்டத்தில் இல்லை, கூட்டுச்சதியைத் தடுக்கும் வணிகப் போட்டிச் சட்டத்தில். 1953லிருந்து மாசுக் கருவிகளைத் தாமதப்படுத்தக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே வருடம் அக்டோபரில் சமரசமாக முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. விசாரணை நடக்காததால் ஆவணங்கள் கோர்ட்டில் வெளிவரும் வாய்ப்பும் போயிற்று. எனக்கு இது இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அடுத்த வருடம்தான் நம் வாசனைக்கு நாள் குறித்தார்கள். கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்கும், அமெரிக்கா முழுக்க 1971 மாடல் கார்களுக்கும், டேங்க்கிலிருந்தும் கார்பரேட்டரிலிருந்தும் ஆவி வெளியேறக் கூடாது என்று விதி வந்தது. டேங்க் மூடியின் துளையை அடைத்தார்கள். சரி, டேங்க் மூச்சு விடுமே, அந்த ஆவி எங்கே போகும்? கிரைஸ்லர் முதலில் எஞ்சினின் ஆயில் அறைக்குள்ளேயே அதைச் சேமித்துப் பார்த்தது. நிலைத்தது வேறு ஒரு வழி. ஒரு டப்பா நிறையக் கரித்தூள்.

'சார்க்கோல் கேனிஸ்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். விசேஷமாகத் தயாரித்த கரி, உள்ளுக்குள் கணக்கில்லாத நுண்துளைகள் கொண்டது. வண்டி நிற்கும்போது டேங்க்கிலிருந்து வரும் ஆவி இந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் இந்த டப்பா வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். ஒட்டியிருந்த பெட்ரோல் பிரிந்து எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். டப்பா காலி. மறுபடி வாங்கிக்கொள்ளத் தயார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்குள் இருந்ததும் இதே வகைக் கரிதான். அன்றைக்கு அமெரிக்காவில் தேங்காய்ச் சிரட்டையும், சிரட்டை போதாமல் பீச் பழக்கொட்டையும் ஊர் ஊராகச் சேகரித்து அதைத் தயாரித்தார்கள். கார் டப்பாவுக்குப் பெரும்பாலும் மரத்தூளிலிருந்து செய்த கரியே ஒத்துவந்தது. ஆவியைப் பிடிப்பதோடு சுலபமாக விடவும் வேண்டுமே. பிடித்ததை விடாத கரியால் பயனில்லை.

இத்தோடு கதை முடிந்துவிடவில்லை. முதலில் அளந்த முறை சுமார் ரகம். காரில் எங்கெங்கே ஆவி வரும் என்று நினைத்தார்களோ அங்கங்கே கரிப்பொறி வைத்துப் பிடித்து எடை போட்டார்கள். நினைக்காத இடத்தில் வந்தால்? அதனால் 1978 மாடலிலிருந்து முழுக் காரையும் காற்றுப் புகாத அறையில் பூட்டிவைத்து, அறைக்காற்றை அளக்கும் முறை வந்தது. ஒரு சோதனைக்கு 6 கிராம் வரை அனுமதி. 1981இல் அது 2 கிராம் ஆனது.

என்னைக் கேட்டால், வாசனை 'கோளாறு' ஆனது இந்த இடத்தில்தான். எல்லாக் காரும் நாறிய காலத்தில் நாற்றத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா வாயும் மூடப்பட்ட பிறகு, வாசனை வந்தால் ஏதோ ஒரு மூடி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதை அப்படியே கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களில் வந்த ஓபிடி-2 என்ற தற்கண்காணிப்பு முறை, டேங்க்கையும் குழாய்களையும் மூடி, அழுத்தம் தங்குகிறதா என்று தானே சோதிக்கும். முதலில் 1 மில்லிமீட்டர் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். 2000 மாடல்களிலிருந்து அரை மில்லிமீட்டர். குண்டூசி முனை அளவு. பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறதே, அது இதனால்தான். ஸ்கேனரில் பி0442 என்று வந்தால் சின்னக் கசிவு, பி0455 என்றால் பெரிய கசிவு.

நம் ஊரில் கார்பரேட்டர் கார்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் விடைபெற ஆரம்பித்தன. மாருதி 800க்கும் அப்போதுதான் எம்பிஎஃப்ஐ வந்தது. பைக், ஸ்கூட்டருக்குக் கரி டப்பா 2017இல் பி.எஸ். 4 விதிகளோடு வந்தது. உங்கள் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு டப்பாவைப் பார்த்து என்ன இது என்று யோசித்திருந்தால், ஹாகன்-ஸ்மித்துக்கு ஒரு வணக்கம் போடுங்கள்.

இனி நடைமுறை. காரில் பலமாகப் பெட்ரோல் வாசனை வந்தால், மேலே சொன்ன சரித்திரத்தையே வரைபடமாக வைத்துத் தேடலாம். ஆனால் முதலில் பாதுகாப்பு. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கப் போதும். அந்த ஆவி காற்றை விடக் கனம், ஷெட் தரையில் படுத்துக்கிடக்கும். எனவே வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டுத் தள்ளிப் போங்கள். தரையில் பெட்ரோல் சொட்டியிருந்தாலோ, பானட்டுக்குள் ஈரமாக இருந்தாலோ மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆளைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். "இப்ப ஸ்மெல் வரல" என்று உள்ளே இருப்பவர் சொல்வதை நம்பாமல் வெளியிலிருந்து வருகிற ஆளை மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி, வாசனை எப்போது வருகிறது என்பது. டேங்க் நிறையப் போட்ட பிறகு மட்டும் வருகிறதா? அப்படியென்றால் சந்தேகம் டேங்க்கின் மேல்பாகத்தில். பெட்ரோல் ஊற்றும் கழுத்திலிருந்து டேங்க்குக்குப் போகும் ரப்பர்க் குழாய், அல்லது டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பின் மேல்மூடி ரப்பர் வளையம். பல கார்களில் இந்தப் பம்ப் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். பின்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும் தலை வலித்தால் அங்கே பாருங்கள். பாதி டேங்க் ஆனதும் வாசனை நின்றுவிடும், பிரச்சினை தீர்ந்தது என்று நாமும் மறந்துவிடுவோம். தீரவில்லை.

பங்க்கில் துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகும் ரவுண்டாக ஐநூறுக்குப் போடுங்கள் என்று அழுத்தி ஊற்ற வைப்பது நம்மவர்களின் பழக்கம். டேங்க்கில் ஆவிக்கென்று விட்ட இடத்திலும் பெட்ரோல் ஏறி, கரி டப்பாவுக்குள் திரவமாகவே போய்விடும். ஆவியைப் பிடிக்கச் செய்த கரி, பெட்ரோலில் ஊறிப்போனால் அப்புறம் டப்பாவை மாற்ற வேண்டியதுதான். டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் தொல்லை. பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறும், ஐடிலிங்கில் இருமும். இது ஒரு சின்ன உதிரிபாகம். இதைப் பார்க்காமல் நேராகப் பம்ப்பை மாற்றிச் செலவு வைக்கிற கதைகள் நிறைய.

ஓடும்போதோ, ஸ்டார்ட் செய்த உடனேயோ முன்பக்கம் வாசனை பலமாக வந்தால், அதுதான் பயப்பட வேண்டியது. பழைய கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் மெதுவாகத்தான் வரும். சாதாரண எம்பிஎஃப்ஐயில் 3, 4 பார் அழுத்தத்தில் வரும். குழாயில் வெடிப்போ இன்ஜெக்டரின் ரப்பர் வளையத்தில் தேய்மானமோ இருந்தால், சொட்டாது, சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும். பம்ப் ஓடும்போது மட்டும் கசியும், நிறுத்திப் பார்த்தால் காய்ந்திருக்கும். அழுத்தத்தை இறக்காமல் இந்தக் குழாய்களைக் கழற்றக் கூடாது என்பதால் இது நம் கைவேலை அல்ல. மாற்றும்போது இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்று செய்த குழாயும் கிளாம்ப்பும் போடச் சொல்ல வேண்டும். டேங்க் ஓட்டையில் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த டிரைவர்கள் உண்டு. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் அது சற்று நேரம் தாங்கும். டேங்க்கில் அழுத்தம் இல்லை, அங்கே சரி. எஞ்சின் பக்கம் அந்த வித்தையைக் காட்டக் கூடாது.

கார்பரேட்டர் வண்டி இன்னும் வைத்திருக்கிறவர்களுக்கு: நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் வாசனை வருவது அதன் பிறவிக்குணம். ஆனால் கார்பரேட்டர் வெளியே ஈரமாக வழிந்தால் மிதவை வால்வில் தூசி சிக்கியிருக்கும், அல்லது மிதவைக்குள்ளேயே பெட்ரோல் புகுந்து அது மூழ்கியிருக்கும். ஆயில் பார்க்கும் குச்சியை இழுத்து மோந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாசனை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், எஞ்சினோடு இணைந்த பம்ப்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தோல் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஓட்டினால் எஞ்சினுக்குக் கேடு. வாசனை சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் கசிவே இல்லாமல் இருக்கலாம், எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது. பிளக்கில் ஆரம்பியுங்கள்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. 20 சதவீத எத்தனால் கலப்பு 2025இல் நாடு முழுக்க வந்துவிட்டது. அதற்கென்று வடிவமைக்காத பழைய வண்டிகளின் சில ரப்பர்க் குழாய்கள் எத்தனாலில் ஊதி, இறுகி, வெடிக்கக்கூடும். பார்வைக்கு முழுசாக இருக்கும் குழாயின் சுவர் வழியாகவே ஆவி வியர்த்து வருவதும் உண்டு. பதினைந்து, இருபது வருட வண்டி என்றால் ஒவ்வொரு குழாயாகச் சோதிப்பதை விட மொத்தமாகப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. வண்டி தீப்பிடித்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் குழாய் விலை ஒரு விலையே இல்லை.

ஹாகன்-ஸ்மித் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. 1967இல் கலிபோர்னியா மாநில அரசு காற்றுவள வாரியத்தை உருவாக்கியபோது, கவர்னர் ரொனால்ட் ரீகன் அவரை அதன் முதல் தலைவராக்கினார். 1973இல் அதே ரீகன் அவரைப் பதவியிலிருந்து எடுத்தார். 1977 மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

அவர் தொடங்கிவைத்த வேலை எங்கே போய் நிற்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் கார்களின் ஆவி அளவு இப்போது மிக மிகக் குறைந்துவிட்டது. எவ்வளவு குறைவு என்றால், பூட்டிய அறையில் புதுக் காரை வைத்து அளந்தால் பெட்ரோல் ஆவியோடு பெயின்ட், டயர், பசை, சீட் பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவியும் கணக்கைக் கெடுக்கிற அளவு பெரிதாகத் தெரிகிறது. அதனால் சோதனைக்கு முன் காரையே சூட்டில் வைத்து அந்த வாசனையை ஓட்டிவிடுகிறார்கள். ஷோரூமில் கதவைத் திறந்ததும் "ஆகா, புதுக்கார் வாசனை" என்று கண்ணை மூடி ரசிக்கிறோமே, அதே வாசனைதான்.